நோயாளியாக நடிப்பவரைத் தேர்வறைக்குத் தயார் செய்வது எப்படி?

வார்டில் படுத்திருக்கும் நிஜ நோயாளியை வைத்துத் தேர்வு நடத்தினால், காலை ஒன்பது மணிக்கு வரும் மாணவிக்கு ஒரு நோயாளியும் பன்னிரண்டு மணிக்கு வரும் மாணவனுக்கு வேறொரு நோயாளியும் கிடைப்பார்கள். ஆள் என்னவோ ஒருவர்தான். ஆனால் அதற்குள் பத்துப் பேர் அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். களைத்திருப்பார், கேட்டதையே கேட்கிறார்களே என்ற சலிப்பில் இருப்பார், தன் நோயின் பெயரையும் காதில் வாங்கியிருப்பார். "வால்வு கோளாறு டாக்டர், மைட்ரல்னு சொன்னாங்க" என்று அவரே சொல்லிவிட்டால், அந்த மாணவன் விசாரித்துக் கண்டுபிடிப்பானா என்பதை எப்படி அளப்பது?

இதற்காகத்தான் பாவனை நோயாளி. ஆங்கிலத்தில் ஸ்டாண்டர்டைஸ்டு பேஷண்ட், கல்லூரிகளில் எஸ்.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒரு நோயாளியின் கதையையும் உடல்மொழியையும் படித்துப் பழகி, வரும் மாணவர் ஒவ்வொருவரிடமும் அதே மாதிரி நடந்துகொள்ளப் பயிற்சி பெற்றவர் அவர். 1963இல் அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் இதைத் தொடங்கினார். 1975இல் ஸ்காட்லாந்தின் ரொனால்ட் ஹார்டன் பல சிறு அறைகளைச் சுற்றிவரும் தேர்வு முறையை வெளியிட்டார். நாம் இன்று ஆஸ்கி என்று சொல்வது அதைத்தான். இந்தியாவில் 2019இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். அணியிலிருந்து திறன் சார்ந்த பாடத்திட்டம் வந்தது. நோயாளியிடம் பேசும் முறையும் அறநெறியும் ஏட்காம் என்ற பெயரில் பாடத்துக்குள்ளேயே வந்துவிட்டன. பேசும் திறனை எழுத்துத் தேர்வில் அளக்க முடியாது. எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

குமரி மாவட்டத்திலும் அதையொட்டிய கேரள எல்லைப் பகுதியிலும் இப்படி ஒரு தேர்வை முதன்முதலாக நடத்தப் பொறுப்பேற்றிருக்கும் இளம் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறோம். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.பி.யிடம் நாம் கேட்பது நல்ல நடிப்பை விட, மாறாத நடிப்பு. பதினாறாவது மாணவருக்கும் முதல் மாணவருக்குக் கிடைத்த அதே நோயாளி கிடைக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு வேலையும் இதற்காகத்தான்.

எதை அளக்கப் போகிறோம்?

பலர் நோயின் பெயரிலிருந்து தொடங்குவார்கள். "ஒரு நெஞ்சுவலி கேஸ் வைப்போம், ஒரு வயிற்றுவலி கேஸ் வைப்போம்" என்பார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். இந்த அறையில் மாணவர் எதைச் செய்து காட்ட வேண்டும் என்பதை முதலில் ஒரே வரியில் எழுதுங்கள். "நோயாளி தவறான பெயரில் சொல்லும் அறிகுறியைத் துருவிக் கேட்டு, அது இதயவலி என்று கண்டுகொள்வது" என்பது ஒரு வரி. "சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் ஏன் தேவை என்று புரியும்படி விளக்குவது" இன்னொரு வரி. இந்த வரி இருந்தால்தான் திரைக்கதையில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தெரியும்.

எஸ்.பி.யால் ஆகாதவற்றையும் இப்போதே பிரித்துவிடுங்கள். வலி, தொடும்போது சுருங்குவது, நொண்டல், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி, நடுக்கம், குழப்பம், அழுகை, கோபம் எல்லாம் நடிக்கக்கூடியவை. இதய முணுமுணுப்பு, மஞ்சள் காமாலைக் கண், மண்ணீரல் வீக்கம் ஆகியவற்றை நடிக்க முடியாது. அவற்றுக்கு, என்ன தெரிந்தது என்று எழுதிய ஓர் அட்டை வையுங்கள். மாணவர் சரியான இடத்தில் சரியான முறையில் பரிசோதித்த பிறகுதான் தேர்வாளர் அந்த அட்டையைக் கையில் கொடுக்க வேண்டும். மார்பகம், மலக்குடல், பிறப்புறுப்புப் பரிசோதனைகளும் ஊசி குத்துவதும் பொம்மையில்தான். தொண்டையில் குச்சி விடுவது, கருவிழியைப் பஞ்சால் தொடுவது, உள்ளங்காலைக் கீறுவது மூன்றையும் எஸ்.பி.யிடம் அனுமதிக்காதீர்கள். ஒருமுறை கீறினால் ஒன்றுமில்லை. பதினாறு முறை கீறினால் தோல் புண்ணாகிவிடும்.

எத்தனை அறை, எத்தனை பேர்?

கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 60 மாணவர்கள், 8 அறைகள். அறைக்கு 8 நிமிடம், மாறுவதற்கும் வாசல் குறிப்பைப் படிப்பதற்கும் 2 நிமிடம். ஒரு சுற்றில் 8 பேர் முடிக்க 80 நிமிடம் ஆகும். ஒரே வரிசையில் நடத்தினால் 8 சுற்று, அதாவது பத்தரை மணி நேரத்துக்கும் மேல். அது ஆகாது. இரண்டு வரிசைகளை ஒரே நேரத்தில் ஓட்டினால் வரிசைக்கு 30 பேர், 4 சுற்று, 320 நிமிடம். சுற்றுக்கு நடுவே 15 நிமிடம் விட்டால் ஆறு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். மதியச் சாப்பாட்டு நேரம் தனி.

இதில் ஒரு எஸ்.பி. தொடர்ந்து நான்கு சுற்றும் உட்கார முடியாது. ஒரு சுற்று நடித்து ஒரு சுற்று ஓய்வு என்று இருவர் மாறிமாறி இருந்தால் ஆளுக்கு 16 மாணவர்களுக்கு மேல் வரமாட்டார்கள். ஆக, ஒரு வேடத்துக்கு வரிசைக்கு 2 பேர், இரண்டு வரிசைக்கு 4 பேர். எட்டில் 5 அறைகளுக்கு எஸ்.பி. வேண்டுமென்றால் 20 பேர், அவசரத்துக்கு இன்னும் 2 பேர். அழுகை, இறப்புச் செய்தி போன்ற கனமான வேடங்களுக்கு ஆளுக்கு 8 முறைக்கு மேல் வேண்டாம். அதற்குத் தனியாக ஆள் கூட்டுங்கள்.

முதல் தடவையே 8 அறை வேண்டாம். 4 அறை, அதில் 2 எஸ்.பி. அறை, 20 மாணவர், மதிப்பெண் சேராத பயிற்சித் தேர்வு என்று தொடங்குங்கள். அதே சமயம் இரண்டு அறை மதிப்பெண்ணை வைத்து யாரையும் தோல்வி என்று முடிவுகட்டவும் கூடாது. நெஞ்சுவலியை அருமையாக விசாரிப்பவர் மூட்டுவலியில் தடுமாறுவார். ஒருவரின் திறன் கேஸுக்குக் கேஸ் அவ்வளவு மாறும். அறைக்கு இன்னொரு தேர்வாளரைக் கூட்டுவதை விட, இன்னொரு அறையைக் கூட்டினால்தான் மதிப்பெண்ணின் நம்பகம் உயரும்.

ஆட்களை எங்கே தேடுவது?

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மகளிர் சுயஉதவிக் குழுவினர், கோயில் விழாவிலும் தேவாலயத்திலும் நாடகம் போடுபவர்கள், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்கள், மீனவக் குடும்பத்தினர் என்று கலவையாக எடுங்கள். உண்மையான நோயாளிகள் எப்படி இருப்பார்களோ அப்படி இருக்க வேண்டும்.

நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். பால்வெட்டுபவர்கள் விடியுமுன் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். காலைப் பயிற்சி வைத்தால் ஒரு நாள் கூலி போகும் என்பதால் வரமாட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் வையுங்கள். விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம், குளச்சல் பக்கத்து ஆட்கள் அந்த நாட்களில் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். பயிற்சி நேரத்துக்கும் சேர்த்தே ஊதியம் பேசுங்கள், ஒரு நாள் கூலிக்குக் குறையாமல். பேருந்துச் செலவும் சாப்பாடும் தனி.

தவிர்க்க வேண்டியவர்களும் உண்டு. மாணவர்களுக்கு முகம் தெரிந்த கேன்டீன்காரரோ வார்டு ஊழியரோ வேண்டாம். ஓய்வுபெற்ற நர்ஸ்கள் நல்ல ஆட்கள்தான், ஆனால் வலி பரவுகிறது என்பதை வாய் தவறி மருத்துவர் பாஷையில் "ரேடியேஷன் இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். அவர்களுக்குக் கூடுதல் ஒத்திகை தேவை. வில்லுப்பாட்டுக் கலைஞர்களுக்கு நினைவாற்றல் அபாரம், குரலும் அபாரம். ஆனால் மேடையில் கடைசி வரிசை வரைக்கும் எட்டவேண்டிய உணர்ச்சியை நாலடி தூரத்தில் காட்டினால் மாணவர் மிரண்டுபோவார். பாதியாகக் குறைக்கச் சொல்லிப் பழக்குங்கள்.

ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "இந்த நோயில் வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா?" கணவரை மாரடைப்பில் இழந்தவரை நெஞ்சுவலி அறையில் ஒரு நாளும் உட்கார வைக்காதீர்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, அறுவைத் தழும்பு, கர்ப்பம், பிளாஸ்டர் ஒவ்வாமை எல்லாம் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். குடல்வால் வேடத்துக்கு வருபவரின் வயிற்றில் பழைய குடல்வால் அறுவைத் தழும்பு இருந்தால் கேஸ் அங்கேயே முடிந்துவிடும். தேர்வின்போது மாணவர் நிஜமாகவே ஒரு கட்டியையோ அதிக அழுத்தத்தையோ கண்டால், அதை யார், எங்கே வைத்து எஸ்.பி.யிடம் தனியாகச் சொல்வது, எந்த ஓ.பி.க்கு அனுப்புவது என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, வீடியோ எடுக்கலாமா என்பதெல்லாம் தமிழில் எழுதிய ஒப்புதல் படிவத்தில் வரட்டும். எந்த நேரத்திலும் "போதும்" என்று எழுந்து போகும் உரிமை அவருக்கு உண்டு என்பதும் அதில் இருக்கட்டும்.

திரைக்கதை எழுதுவது

மொத்த உழைப்பில் பாதியை இங்கே போடுங்கள். இரண்டிலிருந்து நான்கு பக்கம் போதும். பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். ஓ.பி.யில் பார்த்த நோயாளியின் பேச்சை நினைத்து எழுதுங்கள். ஒரு மாதிரியைப் பார்ப்போம்.

வேடம்: தங்கப்பன், 54 வயது, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. நோய்: உழைக்கும்போது வரும் இதயவலி.

தொடக்க வரியை எழுத்துக்கு எழுத்து எழுதிவிட வேண்டும். "ரெண்டு வாரமா நெஞ்சுக்குள்ள ஒரு கரிப்பு டாக்டர். வாயுன்னு நெனச்சேன்." இதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது.

"இன்னும் கொஞ்சம் சொல்லுங்க" என்று மாணவர் திறந்த கேள்வி கேட்டால் ஒரே ஒரு தகவல்தான் வரவேண்டும். "பால் வாளியத் தூக்கிட்டு மேட்டுல ஏறும்போ வருது. கொஞ்சம் இருந்தா போயிரும்."

பிறகு, கேட்டால் மட்டும் சொல்பவை. "கரிப்புன்னா எப்படி, எரியுதா?" என்று கேட்டால்: "எரியல்ல. ஒரு கல்லத் தூக்கி வச்ச மாதிரி." சொல்லும்போது மூடிய வலது கை நெஞ்சின் நடுவே போக வேண்டும், விரலால் சுட்டிக் காட்டக்கூடாது. வேறு எங்காவது வலி பரவுகிறதா என்றால்: "சில நேரம் எடது கை கனக்கும்." எவ்வளவு நேரம் என்றால்: "அஞ்சு நிமிசம் இருக்கும்." பீடி: ஒரு நாளைக்குப் பத்து, இருபது வயதிலிருந்து. சாராயம்: இல்லை. மாத்திரை: எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வாங்கிய வாயு மாத்திரை, பெயர் தெரியாது.

அடுத்த கட்டம், பக்குவமாகக் கேட்டால் மட்டும் சொல்பவை. மாணவர் அவசரப்படாமல், முகத்தைப் பார்த்து, "மனசுல வேற ஏதாவது பயம் இருக்கா ஐயா?" என்கிற மாதிரி கேட்டால்தான் இது வெளிவர வேண்டும்: "எனக்க அப்பா 58 வயசுல தோட்டத்துல வச்சே விழுந்து செத்துப்போனாரு. அதுதான்..." அந்த இடத்தில் பார்வை கீழே போக வேண்டும், மூன்று எண்ணும் வரை மௌனம். குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று வரிசைக் கேள்வியாகக் கேட்டால் "அப்பாவுக்கு இருந்துது" என்று மட்டும் சொன்னால் போதும்.

ஆறாம் நிமிட மணி அடித்ததும் நோயாளி கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: "நான் இனி வேலைக்குப் போவ முடியாதா டாக்டர்?" இதை எல்லா மாணவரிடமும், அவர் பேசிக்கொண்டிருந்தாலும் இடைமறித்துக் கேட்க வேண்டும்.

எழுதாத கேள்வி வந்தால் என்ன செய்வது என்பதற்கும் விதி வேண்டும். நோய் அறிகுறி என்றால் "இல்லை". மற்றவை என்றால் "ஞாபகம் இல்ல". சொந்தமாக எதையும் படைக்கக்கூடாது. "சளி, இருமல், காய்ச்சல், வாந்தி எதுவும் இருக்கா?" என்று மொத்தமாகக் கேட்டால் கடைசியாகக் கேட்டதற்கு மட்டும் பதில். "ரேடியேட் ஆகுதா?" என்று கேட்டால் "அப்படின்னா?" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இந்தத் திரைக்கதையின் திருகாணி "கரிப்பு" என்ற சொல். அதை அப்படியே அமிலத்தொல்லை என்று எடுத்துக்கொள்ளும் மாணவர் எட்டு நிமிடமும் சாப்பாட்டைப் பற்றியே கேட்டுவிட்டுப் போவார். ஒரே ஒரு கேள்வி கேட்பவர் கல்லைக் கண்டுகொள்வார். உங்கள் ஒவ்வொரு திரைக்கதையிலும் இப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது வெறும் கேள்விப் பட்டியலைச் சோதிக்கும் கேஸ்.

எல்லைப் பகுதியின் பேச்சு

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், கொச்சியோடு இருந்த ஊர் இது. களியக்காவிளைப் பக்கம் நோயாளி பேசும் தமிழில் மலையாளம் கலந்தே வரும். "மூணு நாளா பனி" என்றால் காய்ச்சல். "சர்த்தி" என்றால் வாந்தி. "வெள்ளம்" என்றால் குடிக்கும் தண்ணீர். "க்ஷீணம்" என்றால் அசதி. சேலத்திலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வந்து படிக்கும் மாணவிக்கு "பனி" என்றதும் மார்கழிக் குளிர்தான் தோன்றும்.

இங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். புரியாத சொல்லை மாணவர் திரும்பக் கேட்டுத் தெளிவுபடுத்துகிறாரா என்பது நீங்கள் அளக்க விரும்பும் திறன் என்றால் அந்தச் சொல்லைத் திரைக்கதையில் வையுங்கள். மாணவர் செய்ததற்கெல்லாம் டிக் போடும் பட்டியலான செக்லிஸ்ட்டிலும் "புரியாத சொல்லின் பொருளைக் கேட்டார்" என்று ஒரு வரி சேருங்கள். அளக்கப் போவதில்லை என்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். இரண்டும் இல்லாமல் தற்செயலாக விட்டால், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இனாமாக மதிப்பெண் போகும். நோயாளியின் பேச்சைப் புத்தகத் தமிழாகத் திருத்துவதை மட்டும் செய்யவே கூடாது. அப்படிப் பேசும் நோயாளி எந்த ஓ.பி.யிலும் இல்லை.

ஒரே வேடத்தில் நாகர்கோவில்காரர் ஒருவரும் களியக்காவிளைக்காரர் ஒருவரும் இருந்தால் இரண்டு வரிசைக்கும் இரண்டு நோயாளிகள் ஆகிவிடும். கூடியவரை ஒரே வட்டாரத்தில் எடுங்கள். மலையாளம் பேசும் மாணவர் சட்டென்று மலையாளத்துக்கு மாறினாலும் எஸ்.பி. தமிழிலேயே தொடர வேண்டும். இன்னொரு சின்ன விஷயம். நம் ஊர் அம்மாக்கள் பிடித்துப்போன பிள்ளையை "மக்களே" என்று கூப்பிட்டுவிடுவார்கள். அந்த ஒரு சொல் பதறிக்கொண்டிருக்கும் மாணவரை நிமிர்த்திவிடும். அதனாலேயே ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகக்கூடாது. எல்லாரையும் "டாக்டர்" என்றே கூப்பிடட்டும்.

பயிற்சி: மூன்று அமர்வுகள்

தேர்வுக்கு மூன்று வாரம் முன் தொடங்குங்கள். ஓர் அமர்வு இரண்டு மணி நேரம். ஒரே வேடத்தில் வரும் எல்லாரையும் சேர்த்து உட்கார வையுங்கள், தனித்தனியாகப் பயிற்சி கொடுத்தால் தனித்தனி நோயாளிகள் உருவாகிவிடுவார்கள்.

முதல் அமர்வில் மனப்பாடம் வேண்டாம். திரைக்கதையைச் சத்தமாகப் படித்து, தங்கப்பன் எப்படிப்பட்டவர், ஏன் பயத்தை மறைக்கிறார் என்று பேசுங்கள். "எங்க ஊருல இப்படிச் சொல்லமாட்டோம்" என்று அவர்கள் சொன்னால் திருத்திக்கொள்ளுங்கள். திரைக்கதை மாறுவது இந்த அமர்வோடு சரி.

இரண்டாம் அமர்வில் பயிற்சியாளர் மாணவராக நடிக்க வேண்டும். நான்கு விதமாக நடியுங்கள். நன்றாகக் கேட்பவர், அவசரக்காரர், வாயே திறக்காதவர், அதட்டுபவர். வாயே திறக்காதவர்தான் கடினமான சோதனை. எதிரில் மௌனம் நீண்டால் எஸ்.பி.க்குத் தகவலைக் கொட்டிவிடத் தோன்றும். அந்த மௌனத்தில் உட்கார்ந்திருக்கப் பழக்க வேண்டும்.

மூன்றாம் அமர்வில் ஹவுஸ் சர்ஜன்களை மாணவராக விட்டு, நேரம் வைத்து, மணி அடித்து நடத்துங்கள். ஒருவர் நடிக்கும்போது மற்றவர்கள் செக்லிஸ்ட்டில் குறிக்கட்டும். 20 வரிப் பட்டியலில் இருவருக்கு இடையே இரண்டு மூன்று வரிக்கு மேல் வேறுபட்டால் அந்த வரிகளை எடுத்துப் பேசுங்கள். பெரும்பாலும் தவறு ஆளிடம் இருக்காது, வரி தெளிவில்லாமல் இருக்கும். இந்த அமர்வு தேர்வுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு இருக்க வேண்டும். பத்து நாள் இடைவெளி விட்டால் பாதி மறந்துபோகும்.

உடலால் நடிப்பவை பற்றிச் சில குறிப்புகள். மூச்சுத்திணறலை ஆழமாக மூச்சிழுத்து நடித்தால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, சில நிமிடத்தில் விரல் மரத்துத் தலை சுற்றும். அதனால் மேலோட்டமான, வேகமான மூச்சு, மூன்று நான்கு சொல்லுக்கு ஒருமுறை பேச்சை நிறுத்துவது, தோளைச் சற்று உயர்த்தி முன்னால் சாய்ந்து உட்காருவது, இவை போதும். குடல்வால் அழற்சிக்கு இடம் துல்லியமாக இருக்க வேண்டும். வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டால், முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம். எஸ்.பி.யின் விரலையே அங்கே வைத்துப் பழக்குங்கள். அழுத்தும்போது வயிற்றை இறுக்க வேண்டும், கையைச் சட்டென்று எடுக்கும்போது வலி கூட வேண்டும், இடப்பக்கம் அழுத்தினாலும் வலப்பக்கம் வலிக்க வேண்டும். பித்தப்பை வலிக்கு, வலது விலாவுக்குக் கீழே கை இருக்கும்போது இழுத்த மூச்சு பாதியில் நிற்க வேண்டும். வியர்வைக்குக் கிளிசரினைத் தண்ணீரில் கலந்து நெற்றியில் தெளித்தால் போதும், மின்விசிறிக் காற்றிலும் சீக்கிரம் காயாது. இரத்த அழுத்தம் பார்க்கும் அறையில் கை மாற்றி மாற்றிப் பட்டையைக் கட்டச் சொல்லுங்கள். ஒரே கையில் கட்டினால் மாலையில் கை கன்றிப்போகும்.

செக்லிஸ்ட்டும் மொத்த மதிப்பீடும்

8 நிமிட அறைக்கு 15 முதல் 20 வரி போதும். கண்ணால் பார்க்கக்கூடியதையோ காதால் கேட்கக்கூடியதையோ மட்டும் எழுதுங்கள். "கனிவாக நடந்துகொண்டார்" என்றால் ஆளுக்கு ஒரு கனிவு. "நோயாளி அப்பாவின் மரணத்தைச் சொன்னதும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் அதைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசினார்" என்றால் யார் பார்த்தாலும் ஒரே பதில்தான்.

செக்லிஸ்ட் மட்டும் போதாது. எல்லாவற்றையும் கடகடவென்று கேட்பவருக்கு அதில் நிறைய டிக் விழும். சரியான நான்கு கேள்வியில் நோயைப் பிடிப்பவருக்குக் குறைவாக விழும். அதனால் தேர்வாளர் ஒவ்வொருவருக்கும் மொத்தமாக ஒரு மதிப்பீடும் போட வேண்டும்: தேறவில்லை, விளிம்பில், தேறினார், சிறப்பு. எஸ்.பி.யும் தனித்தாளில், நோயாளியாகத் தனக்கு எப்படி இருந்தது என்று இரண்டு மூன்று கேள்விக்குக் குறிக்கட்டும். "இந்த டாக்டரிடம் மறுபடியும் வருவேனா?" என்பது நல்ல கேள்வி. மருத்துவ அறிவை மட்டும் எஸ்.பி. மதிப்பிடக்கூடாது.

தேர்ச்சி மதிப்பெண்ணை 50 சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்காதீர்கள். சில கேஸ் எளிது, சில கடினம். "விளிம்பில்" என்று குறிக்கப்பட்டவர்களின் செக்லிஸ்ட் மதிப்பெண்ணைக் கூட்டிச் சராசரி எடுங்கள். 60 பேரில் 9 பேர் விளிம்பில் இருந்து, அவர்களின் சராசரி 20க்கு 11.4 என்றால் அந்த அறையின் தேர்ச்சிக் கோடு 11.4. விளிம்பில் மூன்று நான்கு பேர்தான் இருந்தால் இந்தச் சராசரி ஆட்டம் காணும். அப்போது எல்லா மாணவரின் மொத்த மதிப்பீட்டையும் செக்லிஸ்ட் மதிப்பெண்ணையும் வைத்து நேர்கோட்டுக் கணக்குப் போடும் முறைக்குப் போங்கள். எக்ஸெல்லிலேயே முடியும்.

தேர்வு நாள்

அறைக்கு ஒரு கட்டில், மறைப்புத் திரை, மூன்று நாற்காலி, சுவர்க் கடிகாரம், கைகழுவும் திரவம், போர்வை, எஸ்.பி.க்குத் தண்ணீர், வாசலில் குறிப்பு. குறிப்பில் மாணவருக்கு என்ன வேலை என்பது ஐயமின்றி இருக்க வேண்டும்: "தங்கப்பன், 54 வயது, நெஞ்சில் தொந்தரவு என்று வந்திருக்கிறார். 6 நிமிடத்தில் விவரம் கேளுங்கள். பரிசோதனை வேண்டாம். மீதி 2 நிமிடத்தில் உங்கள் கருத்தை அவரிடம் விளக்குங்கள்." "பரிசோதனை வேண்டாம்" என்ற சொல் விட்டுப்போனால் பாதிப் பேர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து நேரத்தைத் தொலைப்பார்கள்.

மணி எல்லா அறைக்கும் கேட்கிறதா என்று கதவை மூடி, மின்விசிறியை ஓடவிட்டுச் சோதியுங்கள். அன்று மழை இருந்தால், தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் அறைக்கு மணி கேட்கவே கேட்காது. குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், அந்த அறைகளுக்குக் கதவு தட்ட ஓர் ஆள் போடுங்கள்.

அன்று மிக அதிகமாக நடக்கும் தவறு இரக்கம். திணறும் பிள்ளையைப் பார்த்ததும் எஸ்.பி. கேட்காததையும் சொல்லிவிடுவார். "பாவம், கண்ணு கலங்கிப்போச்சு" என்பார். அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்தத் தகவலைக் கேட்டுப் பெற்ற இன்னொரு பிள்ளைக்கு இது அநியாயமாகிவிடும் என்று எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். அடுத்த தவறு, களைப்பில் வரும் நழுவல். எட்டாவது பத்தாவது மாணவருக்கு மேல், பீடியைக் கேட்டால் சாராயத்துக்கும் சேர்த்துப் பதில் வரும், மூன்று எண்ணும் மௌனம் ஒன்றாகச் சுருங்கும். பயிற்சியாளர் நாலைந்து மாணவருக்கு ஒருமுறை ஒவ்வொரு அறையையும் எட்டிப் பார்க்க வேண்டும். ஓய்வில் திரைக்கதையை ஒருமுறை படிக்கச் சொல்ல வேண்டும்.

முடித்த மாணவர்களும் காத்திருப்பவர்களும் சந்திக்காதபடி வேறு வேறு கூடத்தில் வையுங்கள், கைப்பேசிகளை வாங்கி வைத்துவிடுங்கள். காலையிலும் மதியமும் ஒரே கேஸ் ஓடினால் சாப்பாட்டு நேரத்தில் "கரிப்புன்னு சொல்வாரு, அது ஹார்ட்" என்று செய்தி பரவிவிடும்.

தேர்வில் எஸ்.பி. மாணவருக்குக் கருத்துச் சொல்லக்கூடாது. பயிற்சி வகுப்பில் கட்டாயம் சொல்ல வேண்டும், ஆனால் வேடத்திலிருந்து வெளியே வந்து, நோயாளியாக உணர்ந்ததை மட்டும்: "அப்பா செத்ததச் சொன்னப்ப நீங்க எழுதிக்கிட்டே இருந்தீங்க. எனக்கு மேற்கொண்டு பேசத் தோணல." ஆசிரியர் பத்துமுறை சொன்னாலும் ஏறாதது இந்த இரண்டு வரியில் ஏறும்.

முடிந்த பிறகு

கடைசி மணி அடித்ததும் எஸ்.பி.யை அப்படியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். திரும்பத் திரும்ப அப்பாவின் சாவைச் சொன்னவர் அவர். வேட உடையைக் கழற்றி, நெற்றியைக் கழுவி, சொந்தப் பெயரில் கூப்பிட்டு, டீயோடு பத்து நிமிடம் எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள். எந்த மாணவர் முரட்டுத்தனமாகத் தொட்டார், எந்தக் கேள்விக்குத் திரைக்கதையில் பதில் இல்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறைக்கான திருத்தம் அதில்தான் இருக்கிறது. அழுகை வேடக்காரர்களிடம் மறுநாள் ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள்.

திரைக்கதைப் பிரதிகளுக்கு எண் போட்டுக் கொடுத்திருந்தால், எண்ணைச் சரிபார்த்துத் திரும்ப வாங்குங்கள். எல்லா மாணவரும் தவறவிட்ட செக்லிஸ்ட் வரி இருந்தால், மதிப்பெண் வெளியிடுமுன் வீடியோவைப் பாருங்கள். பல நேரம் எஸ்.பி. அந்தக் குறிப்பைக் கொடுக்காமலே விட்டிருப்பார். அப்படியென்றால் அந்த வரியை எல்லாருக்கும் நீக்கிவிடுங்கள். ஊதியத்தை அன்றே கையில் கொடுங்கள், பத்துகாணி, ஆறுகாணிப் பக்கம் போகிறவர்களுக்குக் கடைசிப் பேருந்து கிளம்பும் நேரத்துக்கு முன்பாக.